கத்தரிக்கோலும் மாலைமாற்றும்

அறிவியலைத் தமிழில் எழுதுவோரிடம் உவமை ஒரு தொற்றுநோயாகப் பரவிவிட்டது என்று சொன்னால், தமிழ் படித்தவர்களே உவமையைப் பழிக்கலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் பழிப்பது உவமையை அன்று. பொருளை ஒருமுறைகூடப் பாராமல் எடுத்த உவமையை. பாக்டீரியாக்களின் ரெஸ்ட்ரிக்ஷன் நொதிகளைப் பற்றி எழுத உட்காரும் தமிழரின் கை தானாகவே இரண்டு சொற்களைத் தேடிப் போகிறது. ஒன்று 'மூலக்கூறு கத்தரிக்கோல்'. மற்றொன்று 'மாலைமாற்று'. முன்னது ஆங்கிலத்தில் வாங்கிய இரவல். பின்னது நம் வீட்டுச் சரக்கு; ஆகவே அதன் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

பங்கு என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உயிர்த்தொழில்நுட்பத் துறை மாணவி ஒருவர், 'பாலிண்ட்ரோம்' என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு நம்மிடம் வந்தார். கரும்பு தின்னக் கூலியா? விகடகவியில் தொடங்கி, திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் வரை அரைமணி நேரம் பொழிந்து அனுப்பினோம். அடுத்த வாரம் தமிழ் மன்றக் கூட்டத்தில் அவர் கரும்பலகையில் 'விகடகவி' என்று எழுதி, அதன் கீழே ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று எழுதினார். பின்வரிசையிலிருந்து முதலாண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "அக்கா, திருப்பிப் படிச்சா சி-டி-டி-ஏ-ஏ-ஜின்னு வருது. அது எப்படி ஒண்ணாகும்?" மாணவி நம்மைப் பார்த்தார். முன்வரிசையில் அமர்ந்திருந்த நாம் தரையைப் பார்த்தோம்.

அந்தப் பையன் சொன்னதுதான் சரி. டிஎன்ஏயில் இழைகள் இரண்டு. ஓர் இழையின் ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. மேலிழையை அதன் தொடக்கத்திலிருந்து படித்தால் ஜிஏஏடிடிசி. கீழிழையை அதன் தொடக்கத்திலிருந்து, அதாவது மறுமுனையிலிருந்து, படித்தாலும் ஜிஏஏடிடிசி. ஒரே வரியைத் திருப்பிப் படிப்பது அன்று இது. இரண்டு வரிகளை அவையவற்றின் போக்கில் படிப்பது. விகடகவியில் நடுவே 'ட' தனியாக நின்று இரு பக்கத்துக்கும் பொதுவாகிறது. டிஎன்ஏயில் அதற்கு இடமில்லை. எந்த எழுத்தும் தனக்குத் தானே இணையாகாது. ஆகவே முழுமையான ஒப்பு இரட்டைப்படையில்தான் அமையும்.

உவமைதான் வேண்டுமென்றால் யாப்பிலக்கணத்தை விட்டுத் திண்ணைக்கு வாருங்கள். பல்லாங்குழிப் பலகையில் இருவர் எதிரெதிரே அமர்கிறார்கள். காய்கள் சுற்றி வருவதால் ஒருவர் வரிசையில் போகும் திசையும் மற்றவர் வரிசையில் போகும் திசையும் எதிரானவை. பக்கத்துக்கு ஆறு குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றில் அந்த ஆறு எழுத்துகளை இடுங்கள். பலகையை அரைவட்டம் சுழற்றினாலும் முன்பிருந்ததே தெரியும்.

இந்தச் சுழற்சிதான் நொதியின் உடலமைப்புக்குத் திறவுகோல். ஜிஏஏடிடிசி என்ற சொல்லை வெட்டும் ஈகோஆர்-1 என்ற நொதி இரண்டு ஒரேமாதிரியான புரதங்களின் இணை. ஒவ்வொன்றும் சுமார் 276 அமினோ அமிலங்கள் கொண்டது. பல்லாங்குழி ஆடுவோரைப் போல அவை டிஎன்ஏயின் இரு மருங்கிலும் அரைவட்டச் சுழற்சியில் அமர்கின்றன. ஒரே மரபணு, ஒரே புரதம். இரட்டித்து நிற்பதால் தான் தனித்துப் படிக்கக்கூடியதைப் போல இருமடங்கு நீளச் சொல்லைப் படிக்கிறது. ஒவ்வொன்றும் தன் பக்கத்து இழையில் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே அறுக்கிறது. நான்கெழுத்து வால் நீண்ட இரு முனைகள் கிடைக்கின்றன. சொல்லின் ஒப்பும் புரதத்தின் ஒப்பும் ஒன்றுக்கொன்று அச்சு வார்த்தவை. மாலைமாற்று என்று சொன்ன கணத்தில் இந்தப் பொருத்தம் முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. சம்பந்தர்க்கு டிஎன்ஏ தெரிந்திருந்தது என்று மேடையில் முழங்குவோர்க்கு நாம் சொல்வது ஒன்றே: சம்பந்தர் செய்தது வேறு, அரியது, அதை இதற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இனிக் கத்தரிக்கோல். கத்தரிக்கோலுக்குத் துணியும் ஒன்று, ஓலையும் ஒன்று. அது எதையும் படிப்பதில்லை. இந்த நொதியோ படிக்காமல் வெட்டுவதே இல்லை. ஈகோஆர்-5 என்ற இன்னொரு நொதியின் படிகங்களை 1993-இல் ஆராய்ந்து வெளியிட்டவர்கள் கண்டது இது. தனக்குரியதல்லாத எழுத்துகளின் மேல் அது தளர்வாகக் கிடக்கிறது. டிஎன்ஏ நிமிர்ந்தே நிற்கிறது. ஜி-ஏ-டி-ஏ-டி-சி என்ற தன் சொல்லைக் கண்டதும் டிஎன்ஏவை ஏறத்தாழ 50 பாகை வளைக்கிறது. அந்த வளைவில்தான் வெட்டும் இடம் உருக்கொள்கிறது. ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் வெட்டும் வேகம் இலட்சக்கணக்கான மடங்கு சரிந்துவிடும். படிப்பு முடிந்தபின் வெட்டு என்பதுகூடச் சரியன்று. படித்து முடிப்பதே வெட்டத் தொடங்குவது.

அலகும் அங்கே கிடையாது. இரண்டு அமிலக் கிளைகளும் ஒரு லைசினும் சேர்ந்த சிறு பொந்து. அதில் மக்னீசியம் அயனி. அதன் உதவியோடு பாஸ்பேட்டுப் பிணைப்பைத் தாக்கும் ஒரு நீர் மூலக்கூறு. வெட்டுவது தண்ணீர்! மக்னீசியம் இல்லையென்றால் ஈகோஆர்-1 தன் சொல்லைப் பற்றிக்கொண்டு சும்மா இருக்கும். அப்படிச் சும்மா இருக்க வைத்துத்தான் ஜான் ரோசன்பெர்க்கின் குழுவினர் பிட்ஸ்பர்க்கில் அதைப் படிகமாக்கி 1986-இல் உருவத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் போக்கை அதில் தவறாக வரைந்துவிட்டதைக் கண்டு 1990-இல் திருத்தி வெளியிட்டவர்களும் அவர்களே. நம் பக்கத்தில் உவமையைத் திருத்தி ஒருவரும் எழுதக் காணோம்.

இவ்வளவு கறார் எதற்கு என்பீர்களானால், பாக்டீரியாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை. லாம்டா என்ற வைரஸின் 48,502 எழுத்துகளில் ஜிஏஏடிடிசி ஐந்தே இடங்களில் வருகிறது. பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏயிலோ அதே சொல் நூற்றுக்கணக்கான இடங்களில். அங்கெல்லாம் இரண்டாவது ஏ-யின் மேல் ஒரு மெத்தில் குறியை வேறொரு நொதி இட்டு வைக்கிறது, நாம் ஒற்றின் மேல் புள்ளி வைப்பதுபோல. (உவமை ஆசை நம்மையும் விடவில்லை.) புள்ளியுள்ள சொல்லை நொதி தொடாது. கத்தரிக்கோல் என்று மட்டும் படித்த மாணவன், இது தன் வீட்டையே ஏன் நறுக்கிப் போடவில்லை என்று கேட்க வழியே இல்லாமல் போகிறது. நமக்குக் கோபம் அதனால்தான்.

'ரெஸ்ட்ரிக்ஷன்' என்ற பெயரையும் 'வரையறு நொதி' என்று அகராதியைப் பார்த்து மாற்றியவர்கள் உண்டு. ஒரு பாக்டீரியா வகையில் செழிக்கும் வைரஸ் இன்னொன்றில் தடைபடுவதை 1950-களின் தொடக்கத்தில் கண்டார்கள். வெர்னர் ஆர்பர் 1960-களில் காரணத்தைத் துலக்கினார். 1970-இல் ஹாமில்டன் ஸ்மித் குறிப்பிட்ட சொல்லில் வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். தடைபட்டது வைரஸ். தடை நொதி என்றால் பெயரிலேயே வரலாறு இருக்கும்.

ஃபாக்-1 உங்கள் வாதத்தை முறிக்கவில்லையா என்று விவரமறிந்தவர்கள் கேட்கலாம். அதில் படிக்கும் பகுதி வேறு, வெட்டும் பகுதி வேறு. வெட்டு சில எழுத்துகள் தள்ளி விழுகிறது. அந்த வெட்டும் பகுதியைக் கழற்றி வேறொரு படிப்பானோடு பொருத்திய வேலை சீனிவாசன் சந்திரசேகரன் குழுவினரால் 1996-இல் வெளியானது. ஆம், அங்கே கத்தரிக்கோலைச் சற்று அனுமதிக்கலாம். ஆனால் அதுவும் இன்னொன்றோடு கைகோக்காமல் வெட்டுவதில்லை.

அந்த மாணவி இப்போது வேறோர் ஊரில் ஆய்வு செய்கிறார். அண்மையில் வந்தபோது மாலைமாற்றுக்கு மாற்றாக 'ஈரிழை ஒப்பு' என்ற சொல்லை, பழைய கடனைத் தீர்க்கும் பாவனையில், முன்வைத்தோம். பல்லாங்குழியையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா பலகையில பக்கத்துக்கு ஏழு குழி இருக்கே? ஹின்ஃப்-1னு ஒரு நொதி இருக்கு. அஞ்செழுத்துச் சொல்லைப் படிக்கும். நடுவுல எந்த எழுத்து வேணும்னாலும் வரலாம். அந்த நடுக்குழிய ஏன் விட்டீங்க?"