குடல் நோயாளியை விளம்பரத்திடம் விடலாமா?

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை விளம்பரம் செய்யும் முன் மாநில உரிம அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும் என்றது, மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளில் 2018 டிசம்பரில் வந்த 170ஆவது விதி. 2024 ஜூலையில் ஒன்றிய அரசு அதை நீக்கியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட்டில் வழக்கு முடிந்து தடையும் விலகிவிட்டது. இதனால் முதலில் அடிபடப்போவது பெருங்குடல் புண் அழற்சியும் குரோன் நோயும் உள்ளவர்கள்தான்.

மலத்தில் ரத்தம் போவதை வீட்டாரிடம் சொல்லவே கூசுகிறவர்கள் இவர்கள். ஆயுள் முழுக்க மாத்திரை என்று மருத்துவர் சொன்னதும் கலங்குகிறார்கள். ஸ்டீராய்டு என்றால் இன்னும் பயம். “ஸ்டீராய்டு இல்லாமல் நிரந்தரக் குணம்” என்ற விளம்பரம் அந்தப் பயத்தைத்தான் விலைபேசுகிறது.

அந்த ஸ்டீராய்டு எப்படி மருந்தானது? கார்ட்டிசோன், நம் அட்ரீனல் சுரப்பியோடு தொடர்புடைய ஹார்மோன். ஆக்ஸ்போர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் பெருங்குடல் புண் அழற்சி உள்ள 210 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கார்ட்டிசோனும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். இறுதி அறிக்கை 1955இல் வந்தது. ஆறு வாரத்தில் நோய் அடங்கியவர்கள், கார்ட்டிசோன் பிரிவில் நூற்றுக்கு 41 பேர். வெற்று மாத்திரைப் பிரிவில் 16 பேர்.

எல்லோரும் 41ஐப் பார்க்கிறார்கள். நான் 16ஐப் பார்க்கச் சொல்கிறேன். இந்த நோய் தானாகவே சீறும், தானாகவே தணியும். தணிகிற நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் வந்துவிடும். அந்த 16 பேரைத்தான் விளம்பரக்காரர்கள் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். நோய் அடங்காத 84 பேரை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை.

மூலிகையில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் 2006இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்தோடு மஞ்சளில் உள்ள குர்குமினைத் தினம் 2 கிராம் எடுத்த 43 பேரில் 2 பேருக்கே ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. எடுக்காத 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. ஆனால் டெல்லி எய்ம்ஸில் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2 கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் தூள் வேண்டும். மஞ்சள் பால் குடித்து மாத்திரையை நிறுத்து என்று சொல்பவர் இந்தக் கணக்கை ஏன் சொல்வதில்லை? நீலச்சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் சீனத்துச் சிங் டாய் பொடி ஜப்பானிய ஆய்வில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைத் தானே வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியது தெரிந்ததும் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். பலன் உள்ள பொருளுக்குத் தீங்கும் உண்டு. அதைச் சோதித்துச் சொல்வதே மருத்துவம்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும். நோய் திரும்பாமல் காக்கவும் அதற்குத் திறனில்லை. அதை மாதக்கணக்கில் எழுதித்தரும் மருத்துவர்களும் குற்றவாளிகளே. ஆனால் விளம்பரத்தை நம்பித் திடீரென நிறுத்தினால், அதற்குள் சுரப்பதையே குறைத்துவிட்ட அட்ரீனலால் ஈடுகொடுக்க முடியாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறதே, போதாதா என்கிறார்கள். போதாது. அது விளம்பரம் வந்த பிறகு தண்டிப்பது. 170ஆவது விதி வருமுன் தடுத்தது. பாரம்பரியத்தின் மீது தாக்குதல் என்ற கூச்சலுக்குப் பதிலே தேவையில்லை. சித்தர் மரபுக்கு ஆதாரம் கேட்டால் அவமானம் என்பவர்களுக்கு அந்த மரபின் மீதே நம்பிக்கை இல்லை.

இனி விளம்பரத்தை நம்பி மருந்தை நிறுத்திக் குடலை இழக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த விதியை நீக்கியவர்களே பொறுப்பு. ஒன்றிய அரசு அதை உடனே மீட்க வேண்டும். அதுவரை, நோயாளிகளே, எந்த விளம்பரத்தைப் பார்த்தும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.