சாலையோரத்து இரண்டு உயிர்கள்

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கு எல்லையில் ஆல்பரி நகரம் இருக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல்கள், மேய்ச்சல் நிலங்கள். காட்டை அழித்து உண்டாக்கியவை. பழைய மரங்கள் பல இடங்களில் சாலை ஓரத்தில்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்த ஓரத்தை நம்பி இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஒன்றை எல்லோரும் கொஞ்சுகிறார்கள். மற்றதை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

முதலாவது ஸ்குவிரல் கிளைடர். கால் கிலோ எடைதான் இருக்கும். கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே உள்ள தோலை விரித்து, மரம் விட்டு மரம் காற்றில் சறுக்கும். பகலெல்லாம் மரப்பொந்தில் தூக்கம். யூகலிப்டஸ் மரத்தில் அப்படியொரு பொந்து விழ நூறு வருஷமாவது ஆகும். அந்தப் பக்கம் போகும் ஹியூம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியதும் சறுக்கிக் கடக்க முடியாத இடைவெளிகள் உண்டாயின. சில இடங்களில் உயரமான கம்பங்கள் நட்டார்கள், கயிற்றுப் பாலம் கட்டினார்கள். கிளைடர்களும் அவற்றில் ஏறிக் கடக்கின்றன. மனம் நிறைகிற காரியம்.

இரண்டாவது, ஆஸ்ட்ரல் பில்வோர்ட் என்ற நீர்ப் பெரணி. நம் வயலோர ஆரைக்கீரையின் குடும்பம். ஆனால் ஆரையின் நாலு இலை இதற்குக் கிடையாது; சில சென்டிமீட்டர் உயரத்தில் நூல் நூலாக நிற்கும். புல் என்றே தாண்டிப் போய்விடுவோம். இளந்தளிர் சுருண்டிருப்பதுதான் பெரணி என்று காட்டிக்கொடுக்கும். அடியில், மிளகைவிடச் சிறிய உருண்டைகளுக்குள் ஸ்போர்கள் இருக்கும். மழையில் தலைகாட்டி, சேறு காயும்போது கண்ணில் பட்டு, மறைந்துவிடும். ஆல்பரி, யூரானா பக்கம் இதைப் பெரும்பாலும் கண்டது சாலையோர வடிகால்களில். வடிகாலைச் சுரண்டிச் சீராக்கும் கிரேடர் இயந்திரம் ஒருமுறை சுரண்டினால் உருண்டைகளோடு சேர்ந்து போய்விடும்.

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களுக்கான மாநிலப் பட்டியலில் கிளைடரைவிட ஒருபடி மோசமான நிலையில் இருப்பது இந்தப் பெரணிதான். ஆபத்து செடிக்கு அதிகம், பரிவு பிராணிக்கு அதிகம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிளைடருக்குச் செய்வதில் துளியும் குறைக்க வேண்டாம். பெரணிக்குப் பாலமும் கம்பமும் தேவையில்லை. வடிகாலைத் தூர்வாருவதற்கு முன், சேறு காயும் பருவத்தில், செடி தெரிந்த ஒருவர் நடந்து பார்த்துக் குச்சி நட்டுவைத்தால் போதும். அந்த இடத்தை மட்டும் இயந்திரம் விட்டுவிடலாம். சாலைப் பராமரிப்புச் செலவில் அந்த நடைக்கும் ஒரு கூலியைச் சேர்க்க வேண்டும்.