யார் அருகில், யார் தொலைவில்?

1988 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷன் முதன்முதலாக ஒளிபரப்பிய ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’ பாடல், நாட்டின் ஒற்றுமையைச் சொற்களால் மட்டும் பேசவில்லை. ஏறக்குறைய ஆறு நிமிடங்களில் பல மொழிகள் அடுத்தடுத்து ஒலித்தன. மொழி மாறுவதைச் செவி உணருமுன் கண் உணர்ந்தது. யானை மேல் பாகன் தோன்றினால் கேரளம். மெட்ரோ ரயில் வந்தால் கல்கத்தா. நிலத்தையும் அதன் கருப்பொருளையும் காட்டி மக்களை உணர்த்தும் இந்த மரபு, திணை இலக்கணம் பயின்றோருக்குப் புதிதன்று.

இன்னொரு மரபு அண்மைக் காட்சி. காமிரா யாருடைய முகத்தை நெருங்குகிறதோ, அவருக்கே பேசும் உரிமை. தொலைவில் நிற்பவர் வெறும் கூட்டம். அருவியின் முன் நின்ற பீம்சேன் ஜோஷிக்கும் திரை நட்சத்திரங்களுக்கும் அந்த உரிமை கிடைத்ததில் வியப்பில்லை. பெயர் தெரியாத பாகனும் அன்று பாடினார் என்பதே கவனிக்கத்தக்கது. ஆயினும் அது அரசு வரைந்த ஒற்றுமை. நிலமற்றவரின் பசியோ, கூலி உயர்வு கோரும் தொழிலாளியின் குரலோ, சாதியின் கொடுமையோ அந்தச் சட்டகத்துக்குள் நுழையவில்லை. முரண்பாடுகளை மறைத்துத்தான் அங்கே சுருதி சேர்க்கப்பட்டது.

2010 ஜனவரி 26 அன்று ‘ஃபிர் மிலே சுர்’ என்ற புதிய வடிவத்தைத் தனியார் தொலைக்காட்சி ஒன்று வெளியிட்டது. நீளம் 16 நிமிடங்களாகக் கூடியது. ஆனால் அதன் பெரும்பகுதியைத் திரை நட்சத்திரங்களும் புகழ்பெற்றோருமே நிறைத்தனர். இரண்டு பாடல்களுக்கும் இடையில் 1991-இன் தாராளமயம் நிற்கிறது. முன்னதில் மாநிலத்தின் அடையாளமாக நிலமும் தொழிலும் இருந்தன; பின்னதில் அந்த இடத்தைச் சந்தை மதிப்புள்ள முகங்கள் பிடித்துக்கொண்டன. குடிமக்களை நோக்கிப் பாடிய நாடு, நுகர்வோரை நோக்கிப் பாடத் தொடங்கியது. பாடலின் அழைப்பு மாறவில்லை, அழைக்கப்பட்டவர் மாறினார்.

காட்சி மரபுகள் எந்த ஒரு வர்க்கத்துக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டவை அல்ல. இதைக் கலைக்குழுத் தோழர்கள் மனங்கொள்ள வேண்டும். மே தினப் பாடல் காணொளியிலும் தலைவரின் முகம் அருகிலும், செங்கொடி ஏந்திய தொழிலாளர்கள் தொலைவிலும் காட்டப்பட்டால், பாட்டின் சொற்கள் எவ்வளவு சிவந்திருந்தாலும் காட்சியின் இலக்கணம் பழையதே. பீடி சுற்றும் பெண்ணின் விரல்களையும், கழிவுநீர்க் குழியருகே நிற்பவரின் கண்களையும் காமிரா நெருங்கட்டும். அவர்களே தங்கள் வரியைப் பாடட்டும்.