பாட்டியோட 47-ம் நம்பரும் லினக்ஸ் கர்னலும்

உங்க லேப்டாப்ல லினக்ஸ் இருக்கா? முக்கியமான ஃபைல் எதுவும் இல்லாத ஒரு பென்டிரைவைச் சொருகுங்க. அதுக்கு 'எஸ்டிபி'ன்னு பேர் வந்திருக்குன்னு வைச்சுக்குவோம். அந்த ஃபோல்டருக்குள்ளேயே ஒரு டெர்மினலைத் திறந்து வைச்சுட்டு, அன்மவுன்ட் பண்ணாம சட்டுன்னு பிடுங்கி, மறுபடியும் சொருகுங்க. அதே பென்டிரைவ் இப்போ 'எஸ்டிசி'ன்னு வந்து நிக்கும்.

இதை லினக்ஸோட கிறுக்குத்தனம்னு நம்மில் பலர் நினைக்கிறோம். இது கர்னல் ரொம்பப் பொறுப்பா செய்யுற வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

ஒரு டிஸ்க் வந்ததும், கர்னல்ல இருக்கிற எஸ்டி டிரைவர் அதுக்கு ஒரு எண் கேட்கும். எண் கொடுக்கிறதுக்கு ஐடிஏன்னு ஒரு வசதி இருக்கு. காலியா இருக்கிறதுலேயே சின்ன எண்ணை எடுத்துக் கொடுக்கும். 0 வந்தா எஸ்டிஏ, 1 வந்தா எஸ்டிபி. ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல வந்தாலும் ஒரே எண் போகாம இருக்க, உள்ளேயே பூட்டு இருக்கு. டிஸ்க் போனா எண் திரும்பி வரும், அடுத்தவருக்குப் போகும். ஒரு டிஸ்க்குக்கு 16 மைனர் நம்பர், மேஜர் நம்பர் 8-க்குக் கீழ 16 டிஸ்க்தான்னு ஆரம்பத்துல இருந்தே அளவு வைச்சது. அளவா இருக்கிற பொருளைத் திரும்பத் திரும்பத்தான் பயன்படுத்தணும்.

எண் கொடுக்கிற பகுதியை நாம எல்லாரும் சரியா எழுதிடுறோம். அதை எப்போ திருப்பி வாங்கணும்ங்கறதுலதான் கோட்டை விடுறோம்.

என் பாட்டி குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. அங்கே அவங்களுக்கு இருந்தது செக்ரோல் நம்பர், 47. எடை போடுற இடத்துல பேரைக் கூப்பிட மாட்டாங்க, "நாப்பத்தேழு"ன்னுதான் கூப்பிடுவாங்க. 2009-ல் பாட்டி ரிட்டயர் ஆனாங்க. அடுத்த வாரமே 47 வேற ஒரு அக்காவுக்குப் போயிடுச்சு. ஆனா பாட்டிக்கு வர வேண்டிய லீவு சம்பளமும் போனஸும் அப்போ பாக்கி இருந்துச்சு. கணக்குல இருந்தது பேர் இல்லை, வெறும் 47. பணம் அந்த அக்கா கணக்குல ஏறிடுச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. அதைச் சரி பண்ண பாட்டி லைன் வீட்டுக்கும் ஆபீஸுக்குமா மாசக்கணக்கா நடந்தாங்க.

இந்தக் கட்டுரையைத் தமிழ்ல எழுதும்போது 'ரெஃபரன்ஸ்'க்கு என்ன சொல்றதுன்னு முழிச்சேன். பாட்டி பாஷையில அது 'பாக்கி'. நீங்க திறந்து வைச்ச அந்த டெர்மினல் ஒரு பாக்கி. டிஸ்க்கைக் கழட்டின உடனே எஸ்டி டிரைவர் எண்ணைத் திருப்பிக் கொடுக்காது. கடைசி பாக்கி தீர்ந்த பிறகு ஓடுற ரிலீஸ் ஃபங்ஷன்லதான் கொடுக்கும். அதனாலதான் உங்க பென்டிரைவுக்குப் பழைய எண் கிடைக்கலை.

என் ஃபைனல் இயர் புராஜெக்ட் ஒரு சின்ன ரேம் டிஸ்க் டிரைவர். அதுல நான் எண்ணை ரிமூவ் ஃபங்ஷன்லேயே விட்டுட்டேன். டெமோ அருமையா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள், பழைய டிஸ்க்கை ஒரு புரோகிராம் திறந்து வைச்சிருக்கும்போதே அதைக் கழட்டிட்டுப் புதுசை ஏத்தினேன். ரெண்டுக்கும் ஒரே எண். மெஷின் அப்படியே உறைஞ்சு போச்சு. பாட்டிக்கு அந்த ஆபீஸ் செஞ்சதையேதான் நானும் செஞ்சிருந்தேன்.

"அப்போ யாருக்கும் திரும்பக் கொடுக்காத எண்ணையே கொடுத்துடலாமே?"ன்னு கேட்பீங்க. அதுவும் இருக்கு. ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதி வைச்சிருக்கிற யுயுஐடி, டிஸ்க்கை எங்கே சொருகினாலும் மாறாது. பிஎஃப்ல 2014-ல் வந்த 12 இலக்க யுஏஎன் நம்பரும் அதே மாதிரிதான். முன்னாடி வேலை மாறினா பிஎஃப் நம்பரும் மாறும், இப்போ யுஏஎன் ஆளோடவே போகும். ஆனா காலையில பனிமூட்டத்துல தராசு பக்கத்துல நின்னு 12 இலக்கத்தைக் கத்த முடியுமா? சின்ன எண்ணும் வேணும், மாறாத எண்ணும் வேணும். ஒண்ணு செய்ய வேண்டிய வேலையை இன்னொண்ணுகிட்ட கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எஃப்எஸ்டேப் ஃபைல்ல 'எஸ்டிபி1'ன்னு எழுதி வைக்கிறது, பாட்டி பேருக்குப் பதிலா 47-ன்னு எழுதி வைக்கிற மாதிரி. அங்கே யுயுஐடி எழுதுங்க.

புராஜெக்ட் ரிவ்யூல நம்மகிட்ட "எண் எப்படிக் கொடுக்கிற?"ன்னு மட்டும்தான் கேட்கிறாங்க. "எப்போ திருப்பி வாங்குற?"ன்னும் கேட்கணும். அவங்க கேட்கலைன்னா நாமளே கேட்டுக்குவோம். இந்த வாரம் உங்க கோடைத் திறந்து, எண்ணை விடுற அந்த ஒரு வரி எந்த ஃபங்ஷன்ல இருக்குன்னு பாருங்க. அந்த இடத்துல பாக்கி எதுவும் இல்லைன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியலைன்னா, அந்த வரி அங்கே இருக்கக் கூடாது.