பட்டியலில் விடுபட்ட பெயர்

வலீமா விருந்துக்குப் பட்ட கடன், தளபாடத் தவணை, நண்பரிடம் கைமாற்று. சம்பளம் பதினைந்தாந் திகதிக்குள் கரைந்துவிடுகிறதா? இன்றிரவே இருவரும் ஒரு கொப்பியுடன் அமருங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது என எழுதுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. வட்டி ஏறும் கடனை முதலில் முடியுங்கள். நண்பரிடம் அவகாசம் கேளுங்கள், ஒளிந்து திரியாதீர்கள்.

சகோதரரே, பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறதா? அடகிலிருக்கும் மாலை உங்கள் மனைவியின் மஹர். அது அவளுக்கே உரியது. மனமுவந்து அவள் விட்டுத்தந்தாலன்றி (4:4) அதுவும் உங்கள் மீது கடனே. அவள் வாய்திறந்து கேட்கவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது. அவள் பெயரையும் எழுதுங்கள். மாலையை மீட்கும் நாளில் அவள் கையிலேயே கொடுங்கள்.