ஸ்பீக்கரை விடுங்க, பிளக்கைப் பாருங்க!

வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் நடுநடுவே "டப்", "பட்" என்று வெடிக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "ஸ்பீக்கர் போச்சு சார், மாத்திடுங்க." புதுசு வாங்கி வந்து மாட்டினால் அதுவும் "டப்"! அடுத்து, விஷயம் தெரிந்தவர் ஒருவர் வருவார் (எல்லாத் தெருவிலும் இப்படி ஒருவர் உண்டு). சி.பி.யூ.வின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரிய பின்னை ஒடிச்சு விட்டா சத்தம் நின்னுடும்" என்பார். ஒடித்தால் சில சமயம் நிஜமாகவே நின்றுவிடும். அதுதான் கொடுமை.

முதல் யோசனையால் பணம் போகும். இரண்டாவது யோசனையால் உயிரே போகலாம். இரண்டும் ஊர் முழுக்கத் தைரியமாகச் சொல்லப்படுகின்றன. சொல்பவர் யாரும், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்பதில்லை.

கேட்டால் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகவரி இருக்கிறது.

1. ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் மட்டும் "டொம்": பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் கெபாசிட்டர்கள் நிரம்பும்போதும் வடியும்போதும் வரும் உதை இது. நல்ல ஆம்ப்ளிஃபயரில் இரண்டு மூன்று விநாடி கழித்து ஸ்பீக்கரை இணைக்கிற ஒரு ரிலே இருக்கும். மலிவு 2.1 பெட்டிகளில் அந்தச் சின்னப் பாகத்தை மிச்சம் பிடித்துவிட்டு, முன்பக்கம் நீல விளக்கு வைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரைக் கடைசியில் ஆன் செய்து முதலில் ஆஃப் செய்தால், கம்ப்யூட்டர் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் உதையாவது அதன் காதில் விழாது.

2. கொஞ்ச நேரம் அமைதி, பிறகு எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் ஒரு "டப்": மின்சாரம் மிச்சம் செய்ய, கம்ப்யூட்டரின் ஒலிச் சில்லு தூங்கப் போய்விடுகிறது. எழும்பும்போது ஒரு உதை. இது அமைப்பில் மாற்ற வேண்டிய விஷயம். லினக்ஸில் ஒலி டிரைவரின் பவர் சேவ் எண்ணை 0 என்று வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. ஸ்பீக்கருக்கு இதில் சம்பந்தமே இல்லை.

3. பாட்டு ஓடும்போது ஒழுங்கில்லாமல் "படபட": விநாடிக்கு 48,000 ஒலித் துணுக்குகளைக் கம்ப்யூட்டர் தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 480 துணுக்குகளை ஒரு கவளமாக உருட்டிக் கொடுத்தால், அது 10 மில்லி விநாடிக்குத்தான் வரும். அதற்குள் அடுத்த கவளம் வராமல், ஏதோ ஒரு மோசமான வைஃபை டிரைவர் பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால், நடுவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் "பட்".

4. வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் "கரகர": உள்ளே கரித்தடத்தில் தூசி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, நாலு முறை இப்படியும் அப்படியும் திருகினால் போதும்.

5. ஃபிரிட்ஜ் கிளம்பும்போது, சோக் வைத்த ட்யூப்லைட்டைப் போடும்போது "டக்": இதற்கான பதில் சுவருக்குள் இருக்கிறது. இனிமேல்தான் அங்கே போகப் போகிறோம்.

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். அதே ஸ்பீக்கரில், அதே பாட்டைச் சார்ஜரில் போடாத செல்போனிலிருந்து வைத்துக் கேட்பது. சுத்தமாகக் கேட்டால் ஸ்பீக்கர் நிரபராதி. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்து பார்க்கச் சொல்லாமல் புதுப் பெட்டியை எடுத்து நீட்டும் கடைக்காரரை என்ன சொல்வது?

இனி சுவர். அந்த "விஷயம் தெரிந்தவர்" ஒடிக்கச் சொன்ன பெரிய பின் எர்த் பின். அது மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டிக்கும் பூமிக்கும் இருக்கும் தொடர்பு அது.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து பெட்டிக்கும் நியூட்ரலிலிருந்து பெட்டிக்கும் ஒவ்வொரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும. வடிகட்டிய குப்பை எர்த் வழியாகப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. எர்த் இல்லையென்றால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் பெட்டி மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆள் பிழைக்கிறார். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் "சுர்ர்" என்கிறதே, அது இதுதான். ஆடியோ வயரைச் செருகும்போது "டப்" என்று வெடிப்பதும் இதுதான். ஃபிரிட்ஜின் இரைச்சலும் போக வழியில்லாமல் ஆடியோ வயரில் ஏறி ஸ்பீக்கருக்கு வருகிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூடத்துக்குள் வராமல் வேறெங்கே போகும்?

ஆக, பல வீடுகளில் ஸ்பீக்கர் போடும் சத்தம், "இந்த வீட்டில் எர்த் இல்லை" என்ற புகார். புகார் கொடுத்தவனையே மாற்றிவிடுவது எந்த ஊர் நியாயம்?

"எங்க வீட்ல மூணு ஓட்டை சாக்கெட்தான் இருக்கு" என்பார்கள். ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது! வயரிங் செய்யும்போது செம்பு மிச்சம் பிடிக்க எர்த் வயரை இழுக்காமல் விடுவது ஒரு ரகம். அதைவிட மோசமான ரகம், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் முடிச்சுப் போட்டுவிடுவது. டெஸ்ட் லாம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரரும் திருப்தியாகிவிடுவார். என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், முழு 230 வோல்ட்டும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வந்து உட்காரும். அதனால் லாம்ப் எரிந்தால் மட்டும் போதாது. மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, தனி எர்த் வயர் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே எர்த் குழி இருக்கிறதா, அது காய்ந்து பாறையாகக் கிடக்கிறதா என்பதையும்தான்.

எதிர்த்தரப்பு வாதங்கள் இரண்டு உண்டு. ஒன்று: "பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே?" ஆகாதுதான். உள்ளே ஒரு இன்சுலேஷன் கெட்டுப்போகும் நாள்வரை ஆகாது. எர்த் இருந்தால் அந்த நாளில் ஃபியூஸ் போகும், அல்லது பிரேக்கர் விழும். இல்லையென்றால் பெட்டி பேசாமல் காத்திருக்கும், யாராவது தொடும்வரை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டிய வீட்டிலும் இதே வித்தியாசம்தான். எர்த் இருந்தால் பழுது வந்தவுடன் அது விழும். இல்லாவிட்டால் ஒரு மனிதர் வழியாக மின்சாரம் பாய்ந்த பிறகே விழும்.

இரண்டு: "செல்போன் சார்ஜருக்கு ரெண்டு பின்தானே, அதுக்கு மட்டும் எர்த் வேண்டாமா?" வேண்டாம். அது இரட்டை இன்சுலேஷனோடு அப்படியே வடிவமைக்கப்பட்டது. உலோகப் பெட்டியுள்ள கம்ப்யூட்டர் அப்படி அல்ல. செருப்பில்லாமல் நடக்கப் பழகியவரைப் பார்த்து, தீ மிதிப்பவர் செருப்பைக் கழற்றியதாகக் கதை சொல்லக் கூடாது.

அப்படியானால் பின்னை ஒடித்தால் ஏன் சத்தம் நிற்கிறது? கம்ப்யூட்டருக்கு ஒரு எர்த், கேபிள் டிவி வயர் வழியாகவோ இன்னொரு அறை ஆம்ப்ளிஃபயர் வழியாகவோ இன்னொரு எர்த் என்று இரண்டு இருந்தால், நடுவில் ஒரு வளையம் உருவாகி "ம்ம்ம்" என்ற ரீங்காரம் வரும். எர்த்தை வெட்டினால் வளையமும் அறும், பாதுகாப்பும் அறும். செய்ய வேண்டியது வேறு. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே எர்த்தில் செருகிப் பார்க்கலாம். அதிலும் போகவில்லையா, ஆடியோ வயரின் நடுவே ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டப்பா, சில நூறு ரூபாய். பாட்டை விடும், ரீங்காரத்தை விடாது. வெட்ட வேண்டிய இடம் பாட்டு வரும் வயர், உயிர் காக்கும் வயர் அல்ல.

வாடகை வீட்டில் எர்த் கேட்டால், "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் கேட்கலையே" என்று ஹவுஸ் ஓனர் முகம் சுளிப்பார். கேட்கத்தான் வேண்டும். தண்ணீர் வரவில்லை என்றால் எவ்வளவு உரிமையோடு கேட்பார்களோ, அவ்வளவு உரிமையோடு. அதே சுவரில்தான் வாஷிங் மெஷினும் கிரைண்டரும் ஓடுகின்றன. ஈரக் கையோடு அவற்றைத் தொடுபவர்களுக்கு "டப்" என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு ஸ்பீக்கர்கூடக் கிடையாது.