நலம் காப்போம்: மூச்செடுத்தால் நெஞ்சு நோகிறதா?



எமது பெண்கள் குழுக் கூட்டமொன்றில் ஓர் அக்கா, "மூச்சை இழுத்தால் விலாவுக்குள்ள ஊசி குத்தினமாதிரி நோகுது தங்கச்சி" என்றார். 2009இல் கணவரை இழந்தவர். "கண்டபடி யோசிக்கிறதாலதான்" என்று அயலவர்கள் சொல்ல, அவரும் நம்பிவிட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதமாக இருமலும் பின்னேரக் காய்ச்சலும் இருப்பதைப் பிறகுதான் சொன்னார். சளியைப் பரிசோதித்தபோது காசநோய். ஆறு மாதம் தவறாமல் குளிசை போட்டார். இப்போது சுகமாகித் தோட்ட வேலைக்குப் போகிறார்.

மனத்துயர் உடல் நோவாக வெளிப்படுவது உண்மைதான். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி எழுதியுள்ளார். பதற்றத்தில் மூச்சு வேகமாகும்போது நெஞ்சு இறுகும், விரல்கள் விறைக்கும். அது பொய் நோவல்ல. அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் வேறு நோய் இல்லையென்று வைத்தியர் பார்த்த பிறகே அப்படி முடிவு செய்யவேண்டும்.

வேறு காரணங்கள் என்ன? நுரையீரலைச் சுற்றி இரண்டு மடிப்புள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது. நிமோனியா, காசநோய் போன்றவற்றால் அது அழற்சியடைந்தால், மூச்செடுக்கும்போது மடிப்புகள் உராய்ந்து குத்தும். பாரம் தூக்கியோ தொடர்ந்து இருமியோ விலாத்தசை நொந்தாலும் மூச்செடுக்க நோகும். அந்த இடத்தை அமர்த்தினால் நோ கூடும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் மாறிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ மார்புநோய்க் கிளினிக்குக்கோ போங்கள். காசநோய்ச் சிகிச்சை இலவசம். ஊரார் என்ன சொல்வார்களோ என்று மறைக்கவேண்டாம்.

திடீரென நெஞ்சு நொந்து மூச்சு முட்டினால், இரத்தமாகச் சளி வந்தால், மயக்கம் வந்தால், நோ கைக்கோ தாடைக்கோ பரவினால் தாமதிக்காதீர்கள். பிரசவத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ பின் ஒரு கால் மட்டும் வீங்கி, நெஞ்சும் நொந்தால் இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கலாம். உடனே 1990 இலக்க இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

உடம்பில் செல் துண்டு இருந்தால் வைத்தியரிடம் கேட்காமலே சொல்லுங்கள். சில ஸ்கான்களுக்கு முன் அவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் உடனே ஓடுகிறோம். எங்கள் நோவை மட்டும் "யோசனை" என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த மாதம் அதை மாற்றுவோமா?